2400 ரேமுடன் 3200 ரேமைச் சேர்த்தேன்: வேகமும் ஏறவில்லை, கணினியும் உறைகிறது

அச்சுக்கூடம் (திங்கள்நகர்) | நவம்பர் 7, இரவு 9.40

வணக்கம். திங்கள்நகரில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா போஸ்டர், பிளெக்ஸ் வடிவமைப்பு, இவைதாம் பிழைப்பு. கணினி 2018-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-8400, எச்310 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று. பன்னிரண்டு அடி பிளெக்ஸ் கோப்பைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கியது. சென்ற வாரம் நாகர்கோவிலில் ஒரு கடையில் இன்னொரு 8 ஜிபி வாங்கி நானே பொருத்தினேன். பழையதில் 2400 என்றும் புதியதில் 3200 என்றும் அச்சிட்டிருக்கிறது. "3200 போட்டால் பறக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

16 ஜிபி என்று காட்டுகிறது, அதில் குறையில்லை. ஆனால் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் வேகம் 1200 என்று இருக்கிறது. 3200 எங்கே, 1200 எங்கே? இன்னொன்று: பழைய ரேமில் இருபக்கமும் எட்டெட்டாகப் பதினாறு கறுப்புச் சில்லுகள் இருக்கின்றன. புதியதில் ஒரே பக்கத்தில் நான்கே நான்கு. மீதி இடம் வெறும் பச்சைப் பலகை. பன்னிரண்டு சில்லுகளை யார் கழற்றிக்கொண்டார்கள்?

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொருத்திய நாள்முதல் தினமும் ஒன்றிரண்டு முறை திரை அப்படியே உறைந்து நிற்கிறது. நேற்று நீலத் திரையும் வந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாக் கொடியேற்றம் நெருங்குகிறது. போஸ்டர் வேலை குவியும் நேரம். வேகம் வேறான ரேம்களைச் சேர்த்ததுதான் தவறா?

---

முட்டம் கலங்கரை | நவம்பர் 7, இரவு 10.05

தவறுதான். உடனே கழற்றிவிடுங்கள். வேகம் வேறான ரேம்களைச் சேர்த்தால் மதர்போர்டு எரியும். நான் பட்டிருக்கிறேன்.

---

பழையாறு (நாகர்கோவில்) | நவம்பர் 7, இரவு 11.20

தங்கச்சி, பதற வேண்டாம். எதுவும் எரியாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுதுபார்க்கிறேன். வேகம் வேறானதால் எரிந்த மதர்போர்டு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.

முதலில் அந்த 1200. டிடிஆர் என்பதில் முதல் 'டி' இரட்டை என்பதைக் குறிக்கிறது. கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை எனத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தரவு போகிறது. உங்கள் மென்பொருள் உண்மையான துடிப்பைக் காட்டுகிறது: 1200 மெகாஹெர்ட்ஸ். இரண்டால் பெருக்கினால் 2400. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கே 2400 என்றே இருக்கும்.

அடுத்து, 3200 ஏன் 2400 ஆனது? ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சில்லு ஒன்று உண்டு. "என்னால் இன்னின்ன வேகத்தில், இவ்வளவு காத்திருப்பு நேரத்தில், இத்தனை வோல்ட்டில் ஓட முடியும்" என்ற விவரம் அதில் எழுதியிருக்கும். கணினியை இயக்கியதும் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இரண்டு ரேம்களின் எஸ்பிடியையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 3200 ரேமுக்கு 2400-இல் ஓடத் தெரியும். 2400 ரேமுக்கு 3200 தெரியாது. ஆகவே இரண்டும் 2400. இதில் கோளாறு ஒன்றும் இல்லை, அது அப்படித்தான் ஓடியாக வேண்டும்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்காது. பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டும் 3200 ஆக வாங்கிப் போட்டாலும் உங்கள் கணினியில் 3200 ஓடாது. ஐ5-8400-இன் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்சம் 2666. எச்310 அதற்கு மேல் விடாது. "பறக்கும்" என்று சொன்னவர் உங்கள் மதர்போர்டு எது என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். ஆனால் 3200 வாங்கியதால் நட்டமும் இல்லை. இப்போதெல்லாம் புதிதாக 2400 தேடிப் பிடிப்பதுதான் கடினம்.

சில்லுகளையும் யாரும் கழற்றவில்லை. பழையதில் சில்லு ஒன்று 4 ஜிகாபிட், பதினாறு இருப்பதால் 64 ஜிகாபிட், அதாவது 8 ஜிபி. புதியதில் சில்லு ஒன்று 16 ஜிகாபிட். நான்கு போட்டாலே 8 ஜிபி வந்துவிடும். ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பழையதில் 2ஆர்எக்ஸ்8 என்றும் புதியதில் 1ஆர்எக்ஸ்16 என்றும் இருக்க வேண்டும்.

உறைவதுதான் உண்மையான சிக்கல். வேக வேறுபாடு மட்டுமே அதைக் கொண்டுவராது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, முதலில் இரண்டையும் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதியுங்கள். முடிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம். அதுவரை முக்கியமான கோப்பு எதையும் அந்தக் கணினியில் சேமிக்காதீர்கள். ரேமில் ஒரு பிட் புரண்டால் அந்தப் பிழையோடேயே கோப்பு வட்டில் எழுதப்பட்டுவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

---

அச்சுக்கூடம் | நவம்பர் 8, காலை 7.15

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன கடைசி வரியைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை முடித்து வைத்த திருமண அழைப்பிதழ் ஒன்று வியாழக்கிழமை திறக்கவே மறுத்தது. பென் டிரைவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முழுவதையும் மறுபடி செய்தேன்.

தாளில் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பழையதில் "பிசி4-2400டி", புதியதில் "பிசி4-3200ஏஏ". அந்த 'டி'யும் 'ஏஏ'வும் என்ன?

---

இரணியல் கணக்கு | நவம்பர் 8, காலை 8.50

அதற்கு நான் விடை சொல்கிறேன், கணக்கு வாத்தியாருக்கு உரிய பகுதி.

அந்த எழுத்துகள் காத்திருப்பு நேரத்தைக் குறிப்பவை. 2400டி என்றால் சிஎல் 17, 2666வி என்றால் 19, 3200ஏஏ என்றால் 22. கேட்ட தரவு வந்து சேர எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதே சிஎல். 22 என்பது 17-ஐவிடப் பெரிது, ஆகவே 3200 மெதுவானது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். துடிப்பின் நீளத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். 1200 மெகாஹெர்ட்ஸில் 17 துடிப்புகள் என்றால் 14.17 நானோவினாடி. 1600 மெகாஹெர்ட்ஸில் 22 துடிப்புகள் என்றால் 13.75. ஏறக்குறைய ஒன்றுதான். விலை கூடிய, சிஎல் 16 என்று போட்ட 3200 ரேமில் மட்டும் அது 10 நானோவினாடிக்கு வரும். அதற்கு 1.2 வோல்ட் போதாது, 1.35 வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, கூடுதல் வேகத்துக்கான அமைப்பை இயக்கினால்தான் அது கிடைக்கும்.

இப்போது முதன்மையான கணக்கு. ரேம் ஒன்று ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் அனுப்பும். 2400 எனில் வினாடிக்கு 19.2 ஜிபி. அக்காவிடம் முன்பு இருந்தது இவ்வளவுதான். இப்போது இரண்டு ரேம்கள் இரண்டு வாய்க்கால்களில் (சேனல், அதாவது செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தனித்தனிப் பாதை) இருப்பதால் 38.4. யாராவது 3200 ரேம் ஒன்றை மட்டும் தன் வேகத்தில் ஓட்டினால் கிடைப்பது 25.6. மெதுவான இரண்டு, வேகமான ஒன்றை வென்றுவிடுகிறது, அதுவும் நல்ல இடைவெளியில்.

சுசீந்திரம் தேரில் வடம் பிடித்தவர்களுக்குப் புரியும். மெதுவாக நடப்பவரின் நடைக்குத்தான் தேர் நகரும். அதற்காக அவரைப் போகச் சொல்லிவிட்டு ஒரே வடத்தில் இழுப்பார்களா?

---

தோவாளை மல்லி | நவம்பர் 8, காலை 9.02

சார் எந்தப் பாடம் எடுத்தாலும் தேருக்கு வந்துவிடுகிறார்.

---

குலசேகரம் சாரல் | நவம்பர் 8, மாலை 4.30

சார், அக்காவின் இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி செயலி இருக்கிறது, தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. ரேம் 8 ஜிபி 3200 ஒன்று. நண்பன் தன்னுடைய 8 ஜிபி 2666-ஐத் தருகிறேன் என்கிறான். போட்டால் என் 3200 இறங்கிவிடுமே என்று தயங்குகிறேன். ரைசனில் ரேம் வேகம் குறைந்தால் செயலியும் மந்தமாகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள்.

---

பழையாறு | நவம்பர் 8, இரவு 10.10

தயங்காமல் போடு மக்களே. யூடியூபில் சொல்வது பொய்யில்லை. ரைசனுக்குள் பகுதிகளை இணைக்கும் பாதையின் துடிப்பு ரேமின் துடிப்போடு சேர்ந்தே ஓடும். 3200-இல் அது 1600, 2666-இல் 1333. கொஞ்சம் இழப்பு உண்டு. ஆனால் உன்னிடம் தனி கிராபிக்ஸ் இல்லை. விளையாட்டில் வரும் ஒவ்வொரு படமும் இதே ரேம் வழியாகத்தான் போய் வருகிறது. இப்போது உனக்கு 25.6, போட்டபின் 42.6. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் கவனி. போடுவதற்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிடு. சில மதர்போர்டுகள் ஒரு ரேமின் எக்ஸ்எம்பி கணக்கை இன்னொன்றின் மேலும் திணித்துவிடும். 2666 ரேம் தாங்காது, திரையே வராது. அப்படி ஆனால் அழாதே. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்டப் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடு. பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

---

முட்டம் கலங்கரை | நவம்பர் 8, இரவு 10.45

எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். என் மடிக்கணினி செத்ததற்கு யார் பதில் சொல்வது? டிடிஆர்3 ரேம் ஒன்று இருந்தது. 1600 வேகம். இன்னொன்று 1333 வாங்கிப் போட்டேன். அன்றோடு போயிற்று. திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் அலமாரியில் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

---

பழையாறு | நவம்பர் 8, இரவு 11.30

தம்பி, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அது இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினியா? உள்ளே இருந்த பழைய ரேமில் "பிசி3எல்" என்று இருந்ததா?

---

முட்டம் கலங்கரை | நவம்பர் 9, காலை 6.20

நான்காம் தலைமுறைதான். எல் இருந்த ஞாபகம்.

---

பழையாறு | நவம்பர் 9, காலை 9.00

அந்த ஒற்றை 'எல்'தான் தம்பி. டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது, சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வேண்டும். அந்தத் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 மட்டுமே கொடுக்கும். 1.5 கேட்கும் ரேமைச் செருகினால் திரை வராது. வேகம் இதில் குற்றவாளியே இல்லை. புதிய ரேமைக் கழற்றியிருந்தால் அநேகமாக உயிர் வந்திருக்கும். பழைய இரும்புக்குப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் இல்லை. 'எல்' ரேமை 1.5 வோல்ட் இடத்தில் போடலாம். அதே ரேமுக்கு இரண்டும் ஒத்துவரும்.

---

முட்டம் கலங்கரை | நவம்பர் 9, காலை 9.25

கழற்றினேனே. கழற்றிய பின்னும் வரவில்லை.

---

பழையாறு | நவம்பர் 9, பகல் 1.15

அப்படியானால் நான் மேலே சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இருப்பது கடற்கரையில். ஒருமுறை கழற்றி மாட்டும்போதே ஸ்லாட்டின் தொடர்பு விட்டுப்போவதை முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கணினிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று. நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை. ரேமின் பொன்னிறப் பற்களின் ஓரத்தில் மங்கலாகப் பச்சை படியும். திரை வராவிட்டால் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன்.

எல்லாரும் பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்க்கிறார்கள். நானும் அவசரத்துக்குத் தேய்த்ததுண்டு. ஆனால் மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. தேய்த்துத் தேய்த்துத் தங்கம் போய்விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துத் துடைப்பது நல்லது. கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பு நின்றுவிடும்.

---

குவைத் கருங்கல்காரன் | நவம்பர் 9, இரவு 8.00

நானும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். ஊருக்கு வரும்போது தங்கைக்கு ஒரு மடிக்கணினி கொண்டுவருகிறேன். 4 ஜிபி போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, ஸ்லாட் ஒன்றுதான். அதில் 16 போடலாமா, அல்லது 4-தான் போட வேண்டுமா?

---

இரணியல் கணக்கு | நவம்பர் 9, இரவு 8.40

மாதிரி எண்ணைப் பார்த்து 16 தாங்குமா என்று உறுதி செய்துகொண்டு தாராளமாகப் போடுங்கள். இன்டெல் மடிக்கணினிகளில் அளவு வேறாக இருந்தாலும் பொதுவாக முதல் 4-உம் 4-உம் இணைந்து இரட்டை வாய்க்காலாக ஓடும். மீதி 12 ஒற்றை வாய்க்காலில். 8 ஜிபியோடு திணறுவதைவிட 20 ஜிபியோடு அரைகுறை இரட்டை மேல். வாங்கும் முன் டிடிஆர்4-ஆ 5-ஆ என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வெட்டு இருக்கும் இடமே வேறு, ஒன்றுக்கு மற்றொன்று செருகாது.

---

அச்சுக்கூடம் | நவம்பர் 10, இரவு 11.50

சோதனை முடிந்தது. ஞாயிறு முழுவதும் கடையைப் பூட்டிவிட்டு இதற்கே உட்கார்ந்தேன். முதலில் பற்களை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், பஞ்சில் கறுப்பாக வந்தது.

பழையது மட்டும்: நான்கு சுற்று, பிழை இல்லை.
புதியது மட்டும்: நான்கு சுற்று, பிழை இல்லை.
இரண்டும் சேர்த்து: முதல் சுற்று முடியும் முன்பே சிவப்பு வரிகள், பதினேழு பிழைகள். இடம் மாற்றிச் செருகியும் பார்த்தேன். அப்போதும் பிழைகள், இந்த முறை ஒன்பது.

தனித்தனியே தங்கம். சேர்ந்தால் சண்டை. இரண்டு மருமகள்களைப் போல என்று என் அம்மா சொல்கிறார்.

---

பழையாறு | நவம்பர் 11, காலை 8.30

அம்மாவுக்கு என் வணக்கம். இதுதான் நான் பயந்தது, ஆனால் தீரக்கூடியது. ரேம்கள் இரண்டும் நல்லவை, ஸ்லாட்டுகளும் நல்லவை. பதினாறு சில்லு கொண்டதும் நான்கு சில்லு கொண்டதும் மின்னளவில் வேறு வேறு சுமைகள். எஸ்பிடியில் இருப்பதைக் கொண்டு பயாஸ் இரண்டுக்கும் ஒரே நேரக் கணக்கைப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் இடைவெளி மயிரிழையில் குறைந்தாலும் நீங்கள் கண்ட சிவப்பு வரிதான். 2400-உம் 2400-உமாக வாங்கியிருந்தாலும், சில்லு அமைப்பு வேறாக இருந்தால் இது வரலாம். அதனால்தான் கடைகளில் ஜோடியாக, ஒரே பெட்டியில் விற்கிறார்கள்.

பயாஸில் நினைவக வேகம் தானியங்கி என்று இருக்கும். அதை 2133 என்று மாற்றிச் சேமியுங்கள். கமாண்ட் ரேட் (ரேமுக்குக் கட்டளை அனுப்ப எடுத்துக்கொள்ளும் துடிப்புகள்) என்ற வரி இருந்தால் 2டி, அதாவது இரண்டு துடிப்பு, என்று வையுங்கள். மறுபடி மெம்டெஸ்ட்.

---

குலசேகரம் சாரல் | நவம்பர் 11, காலை 10.00

3200 வாங்கிவிட்டு 2133-ஆ? அக்கா பாவம்.

---

இரணியல் கணக்கு | நவம்பர் 11, காலை 10.20

தம்பி, கணக்குப் போட்டுவிட்டுப் பாவம் பார். 2133-இல் இரட்டை வாய்க்கால் 34.1. அவர் முன்பு வைத்திருந்தது 19.2. நீ இதுநாள்வரை வைத்திருப்பது 25.6.

---

குலசேகரம் சாரல் | நவம்பர் 11, காலை 10.21

சரி சார்.

---

அச்சுக்கூடம் | நவம்பர் 13, காலை 6.40

2133, 2டி. இரண்டு இரவுகள் ஓடவிட்டேன். ஆறு சுற்று முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

---

பழையாறு | நவம்பர் 13, காலை 9.10

மகிழ்ச்சி. நேரம் இருந்தால் 2டி-யை அப்படியே வைத்துக்கொண்டு 2400-ஐ ஒருமுறை முயன்று பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருக்கும். வேக இழப்பும் இருக்காது. உறைந்த நாள்களில் சேமித்த கோப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

---

தோவாளை மல்லி | நவம்பர் 13, பகல் 12.30

டிடிஆர்5-இல் இந்தத் தொல்லை இருக்காதுதானே? அடுத்த ஆண்டு புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறேன்.

---

பழையாறு | நவம்பர் 13, இரவு 9.50

கூடுதலாக இருக்கும். வேகம் ஏற ஏறப் பிழைக்கு இடமளிக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம் போட்டால் 5200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்று இறக்கிவிடுகிறது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றை வாங்காதீர்கள். தேவையானதை முதலிலேயே ஜோடியாக வாங்கிவிடுங்கள்.

---

அச்சுக்கூடம் | டிசம்பர் 5, இரவு 9.15

திருவிழா முடிந்து இன்றுதான் மூச்சு விட்டேன். கொடியேற்றத்திலிருந்து டிசம்பர் 3 தேர்வரை கணினி ஒருமுறைகூட உறையவில்லை. பழைய கோப்புகளைத் திறந்து பார்த்ததில் இன்னும் இரண்டு கெட்டிருந்தன. ஒன்று, பணம் வாங்காமல் செய்து கொடுத்த நினைவஞ்சலி. அதை மறுபடி செய்து வைத்துவிட்டேன்.

2400 முயலவில்லை அண்ணாச்சி. பதினொரு சதவீதம் இழப்பு என்று கணக்கு சார் சொல்வார். மாப்பிள்ளையின் சித்தப்பா பெயருக்கு முன்னால் இருக்கும் தலைப்பெழுத்தை நான்காவது முறையாக மாற்றச் சொல்லி இப்போதுதான் அழைப்பு வந்தது. என் பதினொரு சதவீதம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

---

முட்டம் கலங்கரை | டிசம்பர் 5, இரவு 9.40

அக்கா, அந்த ஆல்கஹால் எங்கே வாங்கினீர்கள்? தம்பியின் கணினியிலும் பச்சை தெரிகிறது.

---

அச்சுக்கூடம் | டிசம்பர் 5, இரவு 9.48

அறிவியல் உபகரணங்கள் விற்கும் கடையில். அரை லிட்டர் வாங்கினேன், கால்வாசிகூடத் தீரவில்லை. திங்கள்நகர் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், ஒரு குப்பியில் ஊற்றித் தருகிறேன். ஞாயிறு வேண்டாம், அன்று கடை இல்லை.